பொழுதுபட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது: டோன் கருவி வாங்கலாமா?

ஆரையூரான் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வீடு ஆரையம்பதியில், கடற்கரைப் பக்கம். சுனாமிக்குப் பிறகு 2007இல் கட்டியது. மூன்று அறை, ஹோல், குசினி, வெளியே கிணற்று மோட்டர். பெரிய வயரிங் ஒன்றும் இல்லை.

ஒரு மாதமாக ஒரே தொல்லை. பின்னேரம் ஆறரை, ஏழு மணியானதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. தூக்கிவிட்டால் ஐந்து நிமிடம் நிற்கும், திரும்ப விழும். பத்தரைக்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விடியும்வரை நிற்கும். பகலில் விழுவது குறைவு, அயன் பொக்ஸ் போட்டால் மட்டும் சிலவேளை. மழை நாளில் மோசம்.

வயரிங் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "சுவருக்குள் ஈரம் இறங்கிவிட்டது, முழு வீட்டுக்கும் வயர் மாற்றவேண்டும்" என்று ஒரு தொகையைத் துண்டில் எழுதித் தந்தார். மனைவி அந்தத் துண்டைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள்.

கடையொன்றில் இரண்டு துண்டாக ஒரு கருவி பார்த்தேன். ஒன்றைக் கம்பியில் கொளுவிவிட்டு மற்றதைச் சுவரோடு கொண்டுபோனால், கம்பி போகும் இடமெல்லாம் கீச்சென்று கத்துமாம். பழுது உள்ள இடத்தில் சத்தம் நின்றுவிடும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். வாங்கலாமா?


மீன்வாடி | ஞாயிறு, இரவு 9.58

ட்ரிப் சுவிட்ச் பழசாகியிருக்கும் மச்சான். அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அப்படித்தான் ஓடுது, ஒரு பிரச்சினையும் இல்லை.


கல்முனை வயர்மேன் | ஞாயிறு, இரவு 10.15

மீன்வாடி தம்பி, அல்லாவுக்காக அதை இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். நம்முடைய நாட்டில் வீட்டுக்கு வீடு நிலத்தில் இறக்கிய தனி எர்த் ரொட்தான். மணல் நிலத்தில் அந்த ரொட்டின் தடை 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் உடம்பில் 230 வோல்ட் ஏறினால் எர்த் வழியாக ஓடப்போவது நாலு ஆம்பியர்கூட இல்லை. அதற்கு 6 ஆம்பியர் பிரேக்கரே விழாது, 16 எங்கே விழும்? பிரிட்ஜ் அப்படியே கரண்டோடு நிற்கும், பிள்ளை வந்து கதவைத் திறக்கும். எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான் நமக்கு இருக்கிற காவல்.

ஆரையூரான் தம்பிக்கு ஒரு கேள்வி. நாளைக்குப் பின்னேரம் ட்ரிப் சுவிட்சை மட்டும் தூக்கிவிட்டு, அதற்குப் பிறகு உள்ள பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கிவையுங்கள். வீடு இருட்டாகட்டும். அப்போதும் விழுகிறதா பாருங்கள். கருவி வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.


ஆரையூரான் | திங்கள், இரவு 7.32

மெழுகுதிரி வெளிச்சத்தில் ஃபோனில் எழுதுகிறேன். பிரேக்கர் ஆறையும் இறக்கினேன். 7.10க்கு விழுந்தது. தூக்கினேன், 7.14க்குத் திரும்ப விழுந்தது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. எப்படி?


கல்முனை வயர்மேன் | திங்கள், இரவு 8.05

நினைத்தது சரி. நம் மின் போட்டில் இருக்கிற பிரேக்கர், கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிகள் எல்லாம் ஒரே உலோகப் பாரில் கட்டியபடியே இருக்கும். பிரேக்கரை இறக்கியும் விழுகிறதென்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. இதை நிறையப் பேர் தேடுவதே இல்லை. ஃபேஸைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அலைவார்கள்.

மெயினை இறக்குங்கள். இறக்கினாலும் அதன் மேல் முனையில் கரண்ட் இருக்கும், அந்தப் பக்கம் கை போகக்கூடாது. டெஸ்டரால் பார்த்துவிட்டு நியூட்ரல் பாரில் இருக்கிற கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீற்றரை ஓம்ஸில் வைத்து எர்த் பாருக்கும் கம்பிக்கும் இடையில் பாருங்கள். பிளக்குகள் எல்லாம் கழன்றிருக்கவேண்டும். நல்ல கம்பியில் மீற்றர் ஒன்றும் காட்டாது. பழுதானது சில ஓம்ஸ் காட்டும். கழற்ற முதல் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி இலக்கம் எழுதுங்கள். எழுதாமல் கழற்றிவிட்டு இரவு 11 மணிக்கு எனக்குக் கோல் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.


செங்கலடி மச்சான் | திங்கள், இரவு 8.40

டோன் கருவி வாங்கினால் என்னைப்போல் செய்யாதீர்கள். மெயினை இறக்காமல் பிளக் பொயிண்டில் கொளுவினேன். டொப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அத்தோடு சரி. கருவி வாங்கி 20 நிமிடம்.

இன்னொரு சந்தேகம். என்னிடம் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கிறது, கம்பியைத் தொடாமலே பீப் போடும். அது கழற்றிவிட்ட கம்பியிலும் பீப் போடுகிறது. பழுதா?


தாழங்குடா தாத்தா | செவ்வாய், காலை 5.50

நான் தொலைபேசிப் பகுதியில் 31 வருடம் வேலை செய்தவன். டோன் கருவி எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. நூறு சோடிக் கம்பி ஒரே கேபிளுக்குள் போகும், அதில் ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்காகத்தான் இது வந்தது. கரண்ட் வயருக்கு வந்தது பிறகு. அதனால் மலிவான கருவிகளில் பெரும்பாலானவை உயிர்க்கம்பியைத் தாங்காது. 9 வோல்ட் பற்றரிச் சாமானில் 230ஐக் கொடுத்தால் செங்கலடித் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

பேனா டெஸ்டர் பழுதில்லை தம்பி. அது பார்ப்பது கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலத்தை. கழற்றிய கம்பியோடு ஒட்டிக்கொண்டு உயிர்க்கம்பி ஒன்று நாலைந்து மீற்றர் ஓடினால், இதிலும் கொஞ்சம் ஏறி நிற்கும். பேய் வோல்டேஜ் என்போம். பல்பு ஒன்றைக் கொடுத்தால் எரியாது, ஆனால் பேனா கத்தும். அதேபோல எர்த் பண்ணிய இரும்புக் குழாய்க்குள் கம்பி போனால், உயிரோடு இருந்தாலும் பேனா பேசாமல் இருக்கும். அதுதான் ஆபத்து. கத்தினால் கவனம், கத்தாவிட்டால் இன்னும் கவனம்.

கடைக்காரப் பையன் சொன்னதில் பாதி உண்மை. கம்பி அறுந்திருந்தால் அறுந்த இடத்தில் சத்தம் நிற்கும், அல்லது நன்றாகக் குறைந்துவிடும். ஆரையூரான் மகனுக்கு வந்திருப்பது அறுந்த பழுதில்லை, தொட்ட பழுது. கம்பி தொட்ட இடத்தைத் தாண்டியும் முழுசாகத்தான் போகிறது. சத்தமும் கூடவே போகும். இந்தக் கருவி பழுதைக் காட்டாது, கம்பி போன வழியைத்தான் காட்டும். வாங்குவதானால் அதைத் தெரிந்து வாங்குங்கள்.


ஆரையூரான் | செவ்வாய், மாலை 5.15

தாத்தா, வயர்மேன் அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றிரவே கழற்றிப் பார்த்தேன். ஆறு கம்பியில் ஐந்து சுத்தம். ஆறாவது 2.3 ஓம். அது குசினி பிளக்குகளும் வெளி மோட்டரும் சேர்ந்த லைன்.

ஒரு யோசனை. கம்பியின் தடை மீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறதே, 2.3ஐ வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?


அக்கரை அக்கா | செவ்வாய், இரவு 6.48

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், வயரிங் ஆளில்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. உங்கள் கம்பி 7/0.67 ஆக இருக்கும், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். அதன் தடை மீற்றருக்குச் சுமார் 7.4 மில்லி ஓம். போய் வரும் வழி சேர்த்தால் 15. பழுது 10 மீற்றர் தள்ளி இருந்தாலும் கம்பிக்கு 0.15 ஓம்தான். மல்டிமீற்றரின் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், அதுவே 0.3 காட்டும். மிச்சமெல்லாம் தொடுகிற இடத்தின் தடை. ஆகவே 2.3இலிருந்து தூரம் வராது.

எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. ஏன் பின்னேரம்? எர்த்தைத் தொடுவது பகலிலும் தொடுகிறதுதானே. நாளைக்குப் பகல் ஒருமுறை, இரவு ஏழரைக்கு ஒருமுறை, ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள், அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்.


கல்முனை வயர்மேன் | செவ்வாய், இரவு 7.20

முதலில் பாதி பாதியாக வெட்டுங்கள். அந்த லைனில் நடுவில் இருக்கிற பிளக் பொயிண்டைத் திறந்து, நியூட்ரலை இரண்டு பக்கமும் பிரித்து, எர்த்தையும் பிரித்து, திரும்ப ஓம்ஸ் பாருங்கள். போட் பக்கம் சுத்தமென்றால் பழுது அங்காலே. பிறகு மிச்சத்தை இரண்டாக வெட்டுங்கள். எட்டுத் துண்டு லைனென்றால் மூன்று தடவையில் ஒரு துண்டுக்கு வந்துவிடலாம். இந்த வேலைக்கு வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவரும் அந்த மல்டிமீற்றரும் மட்டும்.


ஆரையூரான் | புதன், இரவு 8.10

வெட்டினேன். மோட்டர் பக்கம் சுத்தம். குசினி மேசைக்கு மேலே உள்ள பிளக்குக்கும், பின்கதவுக்குப் பக்கத்தில் உள்ள பிளக்குக்கும் இடையில்தான் பழுது. நேர்க்கோட்டில் நாலு மீற்றர். ஆனால் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சீலிங்கில் ஏறிப் பார்த்தேன், அங்கே அந்தக் கம்பியே இல்லை. வீடு கட்டிய மேசன் இப்போது கட்டாரில்.

டோன் கருவியை வாங்கிவிட்டேன். மெயினை இறக்கி, சிவப்புக் கிளிப்பை நியூட்ரலிலும் கறுப்பை எர்த்திலும் கொளுவினேன். சுவரில் சத்தமே இல்லை! சும்மா காற்றில் பிடித்தால் மட்டும் ரேடியோ இரைவதுபோல ஒரு உறுமல்.

வோல்ட் கணக்கும் எடுத்தேன் அக்கா, மைத்துனர் கூட நின்றார். பகல் 12க்கு 0.4. இரவு 7.30க்கு 1.9.


தாழங்குடா தாத்தா | வியாழன், காலை 5.35

மகன், நியூட்ரலும் எர்த்தும் ஏற்கெனவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் டோனைக் கொடுத்தால் அது அங்கேயே செத்துப்போகும். தொடாத நல்ல கம்பியாக இருந்தாலும், பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ் என்று போனால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும்.

இப்படிச் செய்யுங்கள். அந்தத் துண்டின் நியூட்ரலை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். எர்த்தையும் இரண்டு முனையிலும் கழற்றுங்கள், இதை மறந்தால் டோன் முழுவதும் வீட்டு ரொட்டுக்குள் இறங்கிவிடும். ஃபேஸைக் கழற்றி வீட்டு எர்த்தோடு கட்டிவிடுங்கள், சும்மா தொங்கவிட்டால் அதுவும் சேர்ந்து பாடும். பிறகு சிவப்புக் கிளிப்பை நியூட்ரலில். கறுப்பை ஒரு நீட்டு வயரில் கொண்டுபோய் வளவில் குத்திய இரும்பில். அலவாங்கு இருந்தால் போதும், கிணற்றடி ஈர மண்ணில் ஒரு முழம் இறக்குங்கள்.

கேட்கும் கருவியின் சத்தத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். கூட்டி வைத்தால் சுவர் முழுக்கக் கத்தும், எங்கே கூட எங்கே குறைய என்று காது பிரித்துக்கொள்ளாது. கரையோரத்து வீடுகளில் உப்பு மணலில் பூசிய சுவர் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த ஈரமே சத்தத்தைப் பரப்பும். நுனியைச் சுவரில் முட்டி, குறுக்காக மெல்ல இழுங்கள். சத்தம் உச்சிக்கு வரும் இடத்தில் பென்சிலால் புள்ளி. ஒரு சாண் தள்ளித் திரும்ப. புள்ளிகளைச் சேருங்கள்.


அக்கரை அக்கா | வியாழன், காலை 6.20

0.4உம் 1.9உம்! நான் எதிர்பார்த்தது இதுதான்.

பொழுதுபட்டால் தெரு முழுக்க லைட், ஃபேன், ரைஸ் குக்கர். ஆளுக்கொரு ஃபேஸில் இருப்பதால் சமப்படாத மிச்சக் கரண்ட் தெரு நியூட்ரலில் ஓடும், அதில் கொஞ்சம் வோல்ட் ஏறும். நீங்கள் லைனின் கடைசிப் பக்கமோ? உங்கள் வீட்டுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொடுவதால், அந்த 1.9 வோல்ட் உங்கள் எர்த் ரொட் வழியாக நிலத்துக்குள் இறங்கப் பார்க்கிறது. ரொட்டின் தடை 80 ஓம் என்றால் 24 மில்லி ஆம்பியர். 30 என்று எழுதிய ட்ரிப் சுவிட்ச் 15க்கு மேலே எங்கேயும் விழலாம். பகலில் 0.4க்கு 5 மில்லிதான், விழாது. அயன் பொக்ஸ் போட்டால் உங்கள் சொந்தக் கரண்டே நியூட்ரலில் வோல்ட்டை ஏற்றிவிடுகிறது, அதனால் பகலிலும் சிலவேளை.

மழை? ரொட்டைச் சுற்றிய மணல் நனைந்தால் அதன் தடை குறையும், கரண்ட் கூடும். மழை உங்கள் சுவருக்குள் இறங்கவேண்டிய தேவையே இல்லை, ரொட் இருக்கிற இடத்தில் இறங்கினால் போதும். அந்த பாஸ் ஈரம் என்று சொன்னது அவ்வளவு பிழையில்லை. இடம்தான் பிழை.


கல்முனை வயர்மேன் | வியாழன், காலை 7.02

22 வருடம் இந்த வேலை செய்கிறேன். மழைக்கு விழுந்தால் நானும் சுவரைத்தான் பார்ப்பேன். டீச்சர், இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.


செங்கலடி மச்சான் | வியாழன், பகல் 1.15

நம்முடைய அப்பா பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துச் சுவரோடு கொண்டுபோவார். லூசான பொயிண்ட் இருந்தால் கரகரவென்று இரையும். பழைய ஹோல்டர் ஒன்றை அப்படித்தான் பிடித்தார். சும்மா சொல்கிறேன்.


ஆரையூரான் | சனி, பகல் 11.30

பிடித்தாயிற்று!!

காலையில் தாத்தா சொன்னபடி அலவாங்கைக் கிணற்றடியில் குத்தினேன். முதல்முறை சத்தம் மெல்லிசாகத்தான் வந்தது. யோசித்தால், எர்த்தை ஒரு முனையில் கழற்ற மறந்திருக்கிறேன். கழற்றியதும் கீச்சென்று ஒரு சத்தம், பூனை அறைக்குள் ஓடிவிட்டது.

கம்பி மேலே போகவில்லை. மேசைப் பிளக்கிலிருந்து ஒரு சாண் ஏறி, அப்புறம் ஜன்னலின் கீழ்மட்டத்தோடு சுவரின் குறுக்கே படுத்துக்கொண்டு போகிறது. மேசன் குழாயைச் சேமித்திருக்கிறார். மகள் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பதினோராவது புள்ளி தண்ணீர் ஃபில்டரின் தாங்கிக்குப் பின்னால் போய்விட்டது.

ஃபில்டர் மாட்டியது போன மாதம். மைத்துனர்தான் துளை போட்டு, ரோல் பிளக் வைத்து, இரண்டு அங்குல ஸ்குரூ இரண்டு ஏற்றினார். (வோல்ட் பார்க்கக் கூட நின்ற அதே மைத்துனர். இப்போது தேத்தண்ணீர் குடிக்கிறார், பேசவில்லை.)

மீற்றரைக் கொளுவி வைத்துக்கொண்டு இடப்பக்க ஸ்குரூவைத் திருப்பினேன். 2.3... 2.3... 4... பிறகு இலக்கமே இல்லை. ஸ்குரூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், நுனியில் மூன்று புரிகளுக்கு இடையில் செம்புத் தூள் பளபளக்கிறது. எர்த் கம்பியின் பச்சை இன்சுலேஷன் ஒரு நகக்கண் அளவு சுற்றியிருக்கிறது. சிவப்பு ஃபேஸ் கம்பி அதற்கு மூன்று மில்லிமீற்றர் தள்ளி இருந்திருக்கிறது. ஃபில்டரின் உடம்பு எவர்சில்வர். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டேன்.

இப்போது ஸ்குரூவைக் கழற்றிவிட்டேன், எல்லாம் சரி. அப்படியே விட்டுவிடலாமா?


கல்முனை வயர்மேன் | சனி, பகல் 12.05

விடவே கூடாது. மல்டிமீற்றர் பார்ப்பது பற்றரி வோல்ட்டில். 500 வோல்ட் மெகர் போட்டால்தான் கம்பியின் தோல் எப்படி இருக்கிறது என்று தெரியும். நாளைக்கு எனக்கு ஆரையம்பதியில் ஒரு வேலை இருக்கிறது, மெகரோடு வருகிறேன். அதுவரை அந்த லைனின் நியூட்ரலையும் ஃபேஸையும் போட்டிலிருந்து கழற்றியே வையுங்கள். பிரேக்கரை இறக்கினால் மட்டும் போதாது, ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.


ஆரையூரான் | ஞாயிறு, இரவு 9.05

வயர்மேன் அண்ணன் வந்தார். மெகர் போட்டதும் 0.3 மெகா ஓம். ஆகக் குறைந்தது 1 இருக்கவேண்டுமாம். பழைய கம்பியின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தோம். குழாயில் துளை விழுந்த இடத்தில் கொஞ்சம் இறுகியது, டல்கம் பவுடர் போட்டதும் வந்துவிட்டது. புதுக் கம்பிக்கு மெகர் 200க்கு மேல் காட்டியது. முழுச் செலவு ஏழு மீற்றர் வயரும் மதியச் சாப்பாடும். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

இன்று ஏழு மணிக்கு வீட்டோடு எல்லோரும் போட்டுக்கு முன்னால் நின்று பார்த்தோம். விழவில்லை. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்தினேன், விழுந்தது. தூக்கினேன், நின்றது.


மீன்வாடி | ஞாயிறு, இரவு 9.30

எங்கள் வீட்டுக்கும் ட்ரிப் சுவிட்ச் வாங்கிவிட்டேன். வயர்மேன் நானா, வாழைச்சேனைப் பக்கம் எப்போது வருவீர்கள்?


தாழங்குடா தாத்தா | திங்கள், காலை 5.40

சந்தோஷம் மகன். அந்தப் பென்சில் புள்ளிகளை அழிக்க முதல் ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஃபில்டரை எங்கே மாட்டினீர்கள்?


ஆரையூரான் | திங்கள், காலை 6.15

படம் எடுத்துவிட்டேன் தாத்தா, போட் மூடியின் உள்பக்கத்திலும் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். ஃபில்டர் இப்போது மேசையில். மனைவி சுவருக்குக் கிட்ட யாரையும் விடவில்லை.